செவ்வாயில் கட்டப்படும் வீடு யாருக்குச் சொந்தம்?

வாசகர் கேள்வி – பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டப்புறங்களிலும் வாழும் வாசகர்கள் சென்ற மாதம் ஒன்றுகூடி, விண்வெளி ஆய்வுக்கும் மனித சமுதாயத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். அந்தப் பேச்சில் எழுந்த கேள்விகளைத் தொகுத்து இப்பகுதிக்கு அனுப்பியுள்ளார்கள். எல்லாம் ஒரே பொருளைத் தொடுவதால், இம்முறை வேறு கேள்விகளைச் சேர்க்காமல் இவற்றுக்கு மட்டுமே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: விண்வெளி என்றால் இயற்பியல், கணிதம், பொறியியல் என்றுதான் மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறோம். சமூகவியலாளருக்கு அங்கே என்ன வேலை இருக்கிறது, ஐயா? (தமிழ்ப்பள்ளி ஆசிரியை)

அம்மா, மனிதன் விண்வெளிக்குச் செல்லும் முன்பே இந்தக் கேள்வி எழுந்துவிட்டது. 1958இல் தொடங்கப்பட்ட நாசா, விண்வெளி முயற்சிகள் மக்களின் வாழ்க்கையிலும் மனப்போக்கிலும் என்னென்ன மாற்றங்களை உண்டாக்கக்கூடும் என்று ஆராயும் பொறுப்பைப் புரூக்கிங்ஸ் ஆய்வு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. டொனால்ட் மைக்கேல் முதன்மை ஆசிரியராக இருந்து எழுதிய அந்த அறிக்கை 1961இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பரவினால் அரசியல் எப்படி மாறும், வானிலையை முன்கூட்டியே அறிந்தால் உழவர் வாழ்வு என்னாகும் என்பன போன்ற கேள்விகளை அது எழுப்பியது. பின்னர் 2004ஆம் ஆண்டு வாக்கில் ஜிம் பாஸ் என்னும் அமெரிக்கச் சமூகவியலாளர், இவ்வகை ஆய்வுகளை விண்வெளிச் சமூகவியல் என்ற தனித் துறையாக வளர்க்க வேண்டும் என்று வாதிட்டார்.

ஆனால் இத்துறையின் மிகச் சிறந்த வேலை, என் மதிப்பீட்டில், இந்தியக் கிராமங்களில் நடந்தது. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளைக் கடனாகப் பெற்று, ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு இஸ்ரோ தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைக் கொண்டு சென்றது. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மாலையில் பெரியவர்களுக்கும் நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. கருவிகள் சரியாக இயங்கினவா என்று பார்ப்பதோடு இஸ்ரோ நின்றுவிடவில்லை. சமூக அறிவியலாளர்கள் பல்லாயிரம் மக்களிடம் ஒளிபரப்புக்கு முன்னும் பின்னும் விவரம் கேட்டார்கள். மானிடவியல் பயின்ற ஆய்வாளர்கள் சில கிராமங்களில் மாதக்கணக்கில் தங்கி, பெட்டியின் முன்னால் யார் யார் எங்கே உட்கார்ந்தார்கள், எதைப் பற்றிப் பேசினார்கள், எதைப் புறக்கணித்தார்கள் என்று குறித்து வைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பெண்களும் அந்த நிகழ்ச்சிகளால் கூடுதலான பயன் பெற்றார்கள் என்பது அவர்கள் கண்ட முக்கியமான முடிவுகளுள் ஒன்று. ஓராண்டு முடிந்ததும் செயற்கைக்கோள் திரும்பப் பெறப்பட்டது. கிராமத்து மக்களுக்குப் பழகிப்போன ஒன்றை அவர்களைக் கேட்காமலே நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதும் அந்த ஆய்வு நமக்குக் கற்றுத்தரும் பாடந்தான்.

நம் ஊருக்கு வருவோம். 1996 ஜனவரியில் மலேசியாவின் முதல் செயற்கைக்கோளான மியாசாட்-1 ஏவப்பட்டது. அதே ஆண்டில் ஆஸ்ட்ரோ என்னும் கட்டணச் செயற்கைக்கோள் தொலைக்காட்சியும் அதனுடன் வானவில் என்னும் தமிழ் அலைவரிசையும் வந்தன. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன் வீட்டுக் கூரைகளில் வட்டத் தட்டுகள் முளைத்த பிறகு, மாலை நேரத்தில் தோட்டத்துத் திடலுக்கு வருவோர் தொகை எவ்வாறு மாறியது, கோயில் திருவிழா நாடகத்துக்கு ஒத்திகை பார்க்க ஆள் கிடைத்தார்களா, பிள்ளைகள் பேசும் தமிழில் என்ன வந்து சேர்ந்தது என்று கேட்பவர் விண்வெளிச் சமூகவியலைத்தான் செய்கிறார்.

கேள்வி: நாற்பது ஆண்டுகள் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவன் நான். ஏழைகளுக்கு வீடும் மருந்தும் இல்லாத உலகத்தில் ராக்கெட்டுக்குச் செலவு செய்வது நியாயமா? (ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளர்)

ஐயா, இதே கேள்வியோடு ஒரு பெரியவர் ஏவுதளத்தின் வாசலுக்கே சென்றிருக்கிறார். மார்ட்டின் லூதர் கிங்கின் நெருங்கிய தோழரான ரால்ப் அபர்நாதி, அப்போலோ-11 புறப்படுவதற்கு முந்தைய நாள், 1969 ஜூலை 15இல், ஏழைக் குடும்பங்களையும் கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டிகளையும் அழைத்துக்கொண்டு புளோரிடா ஏவுதளத்துக்குப் போனார். நாசாவின் தலைவர் தாமஸ் பெய்ன் வெளியே வந்து அவரைச் சந்தித்தார். விண்வெளி வீரர்கள் பாதுகாப்பாகத் திரும்ப வேண்டும் என்று பிரார்த்தித்த அபர்நாதி, நிலவுக்குப் போகும் ஆற்றல் உள்ள நாட்டில் பசி ஏன் இருக்கிறது என்று கேட்டார். நாசாவின் செலவு 1966இல் அமெரிக்கக் கூட்டரசின் மொத்தச் செலவில் நூற்றுக்கு நான்கு பங்குக்கும் மேலாக இருந்தது. இப்போது அது அரைப் பங்குக்கும் குறைவு. அறுபதுகளில் அமெரிக்க மக்கள் அனைவரும் நிலவுப் பயணத்தை ஆதரித்தார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அக்காலத்துக் கருத்துக்கணிப்புகளை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ரோஜர் லோனியஸ், நிலவில் இறங்கிய நாள்களை ஒட்டிய குறுகிய காலம் தவிர, அந்தச் செலவு தகும் என்று கூறியவர்கள் பெரும்பான்மையாக இருந்ததில்லை என்று காட்டியிருக்கிறார்.

அதற்காக ராக்கெட்டே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். புயல் எச்சரிக்கையும் வெள்ள வரைபடமும் செயற்கைக்கோள் இல்லாமல் இன்று கிடைக்கமாட்டா. அவற்றால் முதலில் உயிர் தப்புபவர்கள் ஆற்றோரத்துக் குடிசைவாசிகள். செலவு செய்யலாமா என்பதைவிட, செலவை முடிவு செய்யும் இடத்தில் யார் இருந்தார்கள் என்பதே கேட்கத்தக்க கேள்வி என்பது என் எண்ணம். நம் நாட்டின் முதல் விண்வெளி வீரர் டாக்டர் ஷேக் முஸாபர், 2007 அக்டோபர் 10ஆம் நாள் பைக்கனூரிலிருந்து புறப்பட்ட சோயுஸ் கலத்தில் சென்றார். ரஷ்யாவிடம் மலேசியா 18 சுகோய் போர் விமானங்களை வாங்கிய ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாகவே அந்தப் பயணம் கிடைத்தது. 11,000க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். இறுதி நால்வரில் நம் இனத்துப் பெண்ணான சிவா வனஜாவும் ஒருவர். அந்த நாள்களில் எத்தனையோ தமிழ்ப்பள்ளிப் பெண்பிள்ளைகள் அவருடைய படத்தைச் செய்தித்தாளிலிருந்து வெட்டி எடுத்து வைத்திருப்பார்கள். போர் விமானப் பேரத்தில் பிறந்த ஒரு திட்டம் இப்படி ஒரு கனவையும் விதைக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் ஒன்றை மட்டும் பேசினால் கணக்கு நேராகாது.

கேள்வி: விண்வெளியில் பண்டிகை கொண்டாட முடியுமா? சாமி கும்பிட முடியுமா? (இரண்டாம் படிவ மாணவர்)

முடியும், தம்பி. டாக்டர் ஷேக் முஸாபர் சென்றது நோன்பு மாதத்தின் இறுதி நாள்களில். நோன்புப் பெருநாளை அவர் அங்கேதான் கொண்டாடினார். ஒரு நாளில் பதினைந்து பதினாறு முறை சூரியன் உதித்து மறையும் இடத்தில் எப்போது தொழுவது, எந்தத் திசையை நோக்குவது என்பதற்கு மலேசிய இஸ்லாமிய அறிஞர்கள் முன்கூட்டியே வழிகாட்டிக் குறிப்பு ஒன்றை எழுதினார்கள். புறப்பட்ட ஊரின் நேரத்தைப் பின்பற்றலாம். காபாவை நோக்க இயலாவிட்டால் பூமியை நோக்கலாம். அதுவும் இயலாவிட்டால் எத்திசையும் ஏற்கப்படும் என்பது அதன் சாரம். உலகம் கவனித்த சமூகச் சிந்தனை அது. நம் நாட்டில் எழுதப்பட்டது. சுனிதா வில்லியம்ஸ் 2006இல் பிள்ளையார் உருவத்தையும் பகவத் கீதையையும் தம்முடன் எடுத்துச் சென்றார்.

கேள்வி: செம்பனை ஆலையில் பாய்லர் பகுதியில் வேலை செய்கிறேன். விண்வெளி விபத்துகள் இயந்திரக் கோளாறால் நடந்தனவா, மனிதத் தவற்றால் நடந்தனவா? (ஆலைத் தொழிலாளர்)

1986 ஜனவரி 28இல் சேலஞ்சர் விண்ணோடம் புறப்பட்ட 73 வினாடிகளில் சிதைந்து எழுவர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் பள்ளி ஆசிரியை. உந்துகலத்தின் இணைப்புகளை அடைத்திருந்த செயற்கை ரப்பர் வளையம் கடுங்குளிரில் விறைத்துப்போய், எரிவாயுவைத் தடுக்க முடியாமல் போனதே உடனடிக் காரணம். முந்தைய இரவில், உந்துகலத்தைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள் இந்தக் குளிரில் ஏவ வேண்டாம் என்று சொன்னார்கள். அந்நிறுவனத்தின் மேலாளர்களே பிறகு அந்தப் பரிந்துரையை மாற்றினார்கள்.

கெட்ட மேலாளர்கள் விதியை மீறினார்கள் என்று சொல்லி முடித்துவிடலாம். டயன் வான் என்னும் சமூகவியலாளர் பல ஆண்டுகள் அந்த ஆவணங்களைப் படித்துவிட்டு, 1996இல் வேறொரு முடிவைச் சொன்னார். முந்தைய பயணங்கள் சிலவற்றிலும் அந்த வளையங்கள் அரிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு முறையும் கலம் பத்திரமாகத் திரும்பியதால், முதலில் ஆபத்து என்று கருதப்பட்டது, அடுத்த முறை ஏற்கத்தக்கது என்றும், அதற்கடுத்த முறை வழக்கமானது என்றும் ஆகிவிட்டது. யாரும் ஒளிந்துகொண்டு எதையும் செய்யவில்லை. கூட்டம் கூட்டி, கையெழுத்திட்டு, விதிமுறைப்படியே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பிறழ்வு இப்படிப் படிப்படியாக இயல்பாகிப்போவதை அவர் விளக்கிக் காட்டிய பிறகும், 2003 பிப்ரவரி 1இல் கொலம்பியா விண்ணோடம் கல்பனா சாவ்லா உட்பட எழுவருடன் அழிந்தது. எரிபொருள் நிரப்பிய வெளித் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைப்பொருள் இறக்கையைத் தாக்கியதே உடனடிக் காரணம்; அப்படிப் பெயர்ந்து விழுவது முன்பும் நடந்து வழக்கமாகிவிட்ட ஒன்றாக இருந்தது. விபத்தை ஆராய்ந்த குழு இம்முறை டயன் வானின் உதவியை நாடியது. நுரைப்பொருளுக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு நிறுவனத்தின் போக்குக்கும் உண்டு என்று எழுதியது.

உங்கள் ஆலையிலும், அழுத்தமானியின் முள் ஒரு நாள் கோட்டைத் தாண்டியும் ஒன்றும் ஆகவில்லை என்றால், அதை யார் எந்தச் சொற்களில் பதிவேட்டில் எழுதுகிறார்கள் என்று கவனியுங்கள்.

கேள்வி: நாங்கள் பிறந்த தோட்டம் வீடமைப்புக்காக அழிக்கப்பட்டது. ராக்கெட் தளம் கட்டிய இடங்களில் வாழ்ந்தவர்கள் என்ன ஆனார்கள்? (இல்லத்தரசி)

அம்மா, நிலநடுக்கோட்டுக்கு அருகிலிருந்து கிழக்கு நோக்கி ஏவினால் பூமியின் சுழற்சி ராக்கெட்டுக்கு உதவும். கீழே கடல் இருந்தால் உதிரும் பாகங்களால் ஆபத்தும் குறையும். ஆகவே ஏவுதளம் தேடுபவர்களின் கண் வெப்பமண்டலக் கடற்கரைகளில் விழுகிறது. அங்கே வாழ்பவர்கள் பெரும்பாலும் மீனவர்களும் பழங்குடியினரும் குடியேற்ற ஆட்சியில் கொண்டுவரப்பட்டவர்களும் ஆவர். இந்தியாவின் முதல் ராக்கெட் 1963 நவம்பர் 21இல் கேரளத்தின் தும்பாவிலிருந்து ஏவப்பட்டது. அங்கிருந்த மீனவக் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன, அவர்களுடைய மாதா கோயிலே முதல் அலுவலகமாயிற்று. ஸ்ரீஹரிகோட்டாவில் யானாதிப் பழங்குடியினர் தங்கள் தீவைவிட்டு நகர வேண்டியிருந்தது. தூத்துக்குடி மாவட்டத்தின் குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் புதிய தளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதற்கென ஈராயிரம் ஏக்கருக்கும் மேலான நிலம் எடுக்கப்பட்டுள்ளது.

நம்மோடு நேரடித் தொடர்புள்ளது தென் அமெரிக்காவில் இருக்கும் பிரெஞ்சுக் கயானா. அல்ஜீரியா 1962இல் விடுதலை பெற்றதால் தன் சோதனைத் தளத்தை இழக்கவிருந்த பிரான்ஸ், கயானாவின் கூரூவைத் தேர்ந்தெடுத்தது. அங்கே பயிர் செய்து வாழ்ந்த குடும்பங்கள் வெளியேற்றப்பட்டு, ஊருக்குள் கட்டப்பட்ட வீடுகளில் அமர்த்தப்பட்டன. மானிடவியலாளர் பீட்டர் ரெட்ஃபீல்ட், அதே நாட்டில் முன்பு இருந்த கைதிகள் குடியிருப்பையும் இந்த ராக்கெட் தளத்தையும் ஒருசேர வைத்து ஆராய்ந்து, தொலைவிலிருந்து ஆள்பவர்கள் அந்நிலத்தைத் தம் தேவைக்கேற்ற வெற்றிடமாக இருமுறையும் கருதினார்கள் என்பதைக் காட்டினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழ் ஒப்பந்தக் கூலிகளும் அந்நாட்டுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். மியாசாட்-1 ஏவப்பட்டது கூரூவிலிருந்துதான். நம் வீட்டுத் தொலைக்காட்சிக்குப் பின்னால் நிலம் இழந்தவர்களின் கதையும் இருக்கிறது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

கேள்வி: செவ்வாயில் குடியேற்றம் அமைக்கப்போவதாகத் தனியார் நிறுவனங்கள் சொல்கின்றன. அங்கே நிலமும் வீடும் யாருக்குச் சொந்தமாகும்? (தொழிற்சங்கத்தில் பணியாற்றியவர்)

ஐயா, வந்த கேள்விகளில் நான் அதிக நேரம் எண்ணிப் பார்த்தது உங்களுடையதைத்தான். சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் எழுதுகிறேன். 1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தத்தின் இரண்டாம் பிரிவு, நிலவையோ பிற கோள்களையோ எந்த நாடும் தனதாக்கிக்கொள்ள முடியாது என்கிறது. ஆறாம் பிரிவின்படி, தனியார் நிறுவனங்கள் விண்வெளியில் செய்பவற்றுக்கும் அவற்றின் நாட்டு அரசே பொறுப்பேற்க வேண்டும். அவற்றை அனுமதித்துத் தொடர்ந்து கண்காணிக்கவும் வேண்டும். ஆனால் தோண்டி எடுக்கும் கனிமம் யாருக்கு என்பதை அந்த ஒப்பந்தம் தெளிவாகச் சொல்லவில்லை. அவற்றை மனித குலத்தின் பொதுச்சொத்தாக அறிவித்த 1979ஆம் ஆண்டின் நிலவு உடன்படிக்கையில் மிகச் சில நாடுகளே சேர்ந்தன. ராக்கெட் வல்லரசுகள் சேரவில்லை. அமெரிக்கா 2015இலும் லக்ஸம்பர்க் 2017இலும், எடுத்தவருக்கே கனிமம் சொந்தம் என்னும் பொருள்படச் சட்டம் இயற்றிக்கொண்டன. 2020இல் ஸ்பேஸ்எக்ஸ் என்னும் தனியார் ராக்கெட் நிறுவனம் நடத்தும் ஸ்டார்லிங்க் இணையச் சேவையின் விதிமுறைகளில், செவ்வாயை விடுதலை பெற்ற கோளாக ஏற்பதாகவும், அங்கு நடப்பவற்றின் மேல் பூமியின் எந்த அரசுக்கும் அதிகாரம் இல்லை என்றும் ஒரு வாசகம் இடம்பெற்றது. ஆறாம் பிரிவோடு அந்த வாசகம் ஒத்துப்போகாது.

இனி, சட்டம் பேசாத பகுதிக்கு வருகிறேன். அங்கே யாரும் இல்லை, ஆகவே யாரும் அடிமைப்படப் போவதில்லை என்று குடியேற்ற ஆதரவாளர்கள் சொல்கிறார்கள். நம் முன்னோர் வந்தபோது இந்தக் காடுகளின் பெரும்பகுதியைக் குறித்தும் அப்படித்தான் சொன்னார்கள்; இந்நாட்டுப் பழங்குடியினரான ஓராங் அஸ்லி மக்கள் அக்கணக்கில் சேர்க்கப்படவில்லை என்பது ஒருபுறம் இருக்க, யாரும் இல்லை என்று சொல்லப்பட்ட இடத்துக்கு வேலை செய்ய ஆள் கொண்டுவரப்பட்டார்கள் என்பதே இங்கே முக்கியம். தோட்டத்தில் வீடு கம்பெனியுடையது. தண்ணீர்க் குழாயும் மருந்துக்கொட்டகையும் ஆயாக் கொட்டகையும் கம்பெனியுடையவை. கங்காணியிடம் பட்ட கடன் தீரும்வரை ஊர் திரும்ப வழி இல்லை. வேலை போனால், அல்லது வயதாகிக் கத்தியைக் கீழே வைத்தால், வீடும் போயிற்று. கொடுமைக்காரத் துரை இருந்த தோட்டத்திலும் நல்ல துரை இருந்த தோட்டத்திலும் இந்த ஏற்பாடு ஒன்றாகவே இருந்தது. மனிதரின் நல்ல குணத்தால் மாறக்கூடியதாக அது அமைக்கப்படவில்லை.

செவ்வாயில் இதனுடன் காற்றும் சேர்ந்துகொள்கிறது. மூச்சுக்காற்றைத் தயாரிக்கும் கருவி வேலை கொடுத்தவரின் கையில் இருக்கும். பூமியிலிருந்து அங்கே செல்ல ஏற்ற காலம் ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒருமுறைதான் வருகிறது; திரும்பி வரவும் அப்படியே காத்திருக்க வேண்டும். முறையீடு செய்ய நினைத்தால், ஒரு செய்தி பூமியை அடைய மூன்று முதல் இருபத்திரண்டு நிமிடங்கள் ஆகும் என்பது சிறிய தடை. கேட்கும் நீதிமன்றம் எது என்பது பெரிய தடை. எடின்பரோவில் பணிபுரியும் உயிரியலாளர் சார்ல்ஸ் காக்கெல், விண்வெளியில் தனிமனித உரிமை என்ற பொருளில் கருத்தரங்குகளே நடத்தியிருக்கிறார். காற்றைக் கட்டுப்படுத்துபவர் அங்கே கொடுங்கோலர் ஆகிவிடக்கூடும் என்பது அவருடைய கவலை. அவர் அறிவியல் வழியாக வந்து சேர்ந்த இடத்துக்கு நம் பாட்டிமார் அனுபவத்தின் வழியாக முன்பே வந்துவிட்டார்கள்.

ஆகவே வேண்டுவது என்ன? காற்று, தண்ணீர், உறைவிடம், திரும்பி வரும் வழிச்செலவு ஆகிய நான்கும் வேலை ஒப்பந்தத்திலிருந்து பிரிக்கப்பட்டு, வேலையை விட்டவருக்கும் மறுக்க முடியாத உரிமைகளாகச் சட்டத்தில் எழுதப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதல் குடியிருப்பு அமைந்த பிறகு இதை எழுத முடியாது. லயன் வீடுகளைக் கட்டி முடித்த பிறகு வீட்டுரிமை கேட்டவர்கள் எத்தனை தலைமுறை காத்திருந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். சொத்துரிமைக்கும் வேறு வழி உண்டு. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட தோட்டத் துண்டாடலால் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தபோது, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். பாட்டாளிகள் மாதந்தோறும் கட்டிய சிறு தொகையால் தோட்டங்களே வாங்கப்பட்டன. கம்பெனி அல்லது அரசு என்னும் இரண்டு வழிகளே உண்டு என்று பேசும் விண்வெளிச் சட்ட அறிஞர்களுக்கு இந்த மூன்றாம் வழியை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

சிறிய நாடுகள் பேசி என்ன ஆகப்போகிறது என்று எண்ண வேண்டாம். 1976இல், இந்தோனேசியா உட்பட எட்டு நாடுகள் பொகோட்டாவில் கூடி, நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள செயற்கைக்கோள் பாதை தங்களுக்கே உரியது என்று அறிவித்தன. அந்த உரிமையை உலகம் ஏற்கவில்லை. ஆயினும், முந்தியவருக்கே இடம் என்ற முறையை எதிர்த்து வளரும் நாடுகள் தொடர்ந்து குரல் கொடுத்ததால், எண்பதுகளின் இறுதியில் அந்தப் பாதையில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் இடத்தை ஒதுக்கிவைக்கும் திட்டம் உருவாயிற்று.

கேள்வி: ஆறாம் படிவத்தில் கலைப்பிரிவில் படிக்கிறேன். இத்துறையில் நான் நுழைய முடியுமா? (மாணவி)

நுழையலாம், மகளே. மலாயாப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல், சமூகவியல் துறை இருக்கிறது. அங்கே பயின்றுவிட்டு விண்வெளியை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்வதைத் தடுக்கும் விதி ஏதும் இல்லை. ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் கோர்மன் தொல்லியல் படித்தவர். அவரும் ஜஸ்டின் வால்ஷும் இப்போது அனைத்துலக விண்வெளி நிலையத்தை ஒரு தொல்லியல் களமாக ஆராய்கிறார்கள். 2022இல் நிலையத்தின் சில சதுரப் பகுதிகளை வீரர்களைக் கொண்டே நாள்தோறும் படமெடுக்கச் செய்து, எந்தப் பொருள் எங்கே நகர்கிறது, மனிதர்கள் அந்த இடத்தை உண்மையில் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கணித்தார்கள்.

பல்கலைக்கழகம் வரை காத்திருக்கவும் வேண்டாம். மேலே ஆசிரியைக்கு எழுதிய பதிலில் ஆஸ்ட்ரோ வந்த காலத்தைக் குறிப்பிட்டேன். உங்கள் தோட்டத்தில் அதை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்களிடம், முதலில் எந்த வீட்டில் அந்தத் தட்டு வந்தது, மாதக் கட்டணத்தை எப்படிக் கட்டினார்கள், யார் யார் அங்கே கூடினார்கள், எந்த நிகழ்ச்சிக்காகப் பெண்கள் அடுப்பு வேலையை முன்கூட்டியே முடித்தார்கள் என்று கேட்டு, அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். அவர்களுடைய பெயரை வெளியிடலாமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். எழுதியதை எனக்கு அனுப்பினால், இப்பகுதியில் அதற்கு முழுப் பக்கம் ஒதுக்குகிறேன்.